தலைக்கயிற்றோடு வந்தவள்

எங்கள் ஊரில் யாராவது புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாலும், கூரைக்குத் தகரம் மாற்றினாலும், பசு கன்று போட்டாலும், பார்க்கிறவர்கள் "குத் நிறையட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போக மாட்டார்கள். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வார்த்தைதான் என் காதில் விழுந்துகொண்டிருக்கும். அதே வாய்கள்தான் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த சால்கினைக் "குத் இல்லாதவள்" என்று சொன்னவை. பத்துப் பன்னிரண்டு வருஷம் சொன்னார்கள். கூசாமல் சொன்னார்கள். அவள் கதையை நான் கோபப்படாமல் சொல்லப் போவதில்லை. பொறுமையாகச் சொல்கிற ஆள் வேண்டுமென்றால் வேறு கடைக்குப் போங்கள்.

குத் என்றால் அதிர்ஷ்டம் என்று தலைநகர் பிஷ்கெக்கில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் சொல்கிறார்கள். அதிர்ஷ்டம் சீட்டாட்டத்தில் வருவது. குத் அப்படியல்ல. கூடாரத்தின் உச்சியில் புகை போக ஒரு வளையம் இருக்கிறதே, அதன் வழியாக அது அடுப்பில் வந்து விழும், ஈரல் துண்டு மாதிரி சிவப்பாக. நல்லவர்கள் கையில் எடுத்தால் அந்த வீட்டில் ஆடும் பிள்ளையும் பெருகும். கெட்டவர்கள் தொட்டால் சாணியாகிவிடும். இதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. ஆனால் யார் வீட்டில் விழுந்தது, யார் வீட்டைவிட்டுப் போனது என்பது மட்டும் எல்லோருக்கும் அத்துப்படி.

அதனால்தான் குதிரையையோ மாட்டையோ யாருக்காவது கொடுத்தால் தலைக்கயிற்றைக் கழற்றி நாம் வைத்துக்கொள்வோம். அதன் வாயை நம் அங்கியின் ஓரத்தால் துடைத்துவிட்டுத்தான் அனுப்புவோம். மிருகம் போகட்டும், குத் வீட்டிலேயே நிற்கட்டும் என்பதற்காக. வாங்குகிறவனும் தன் சொந்தக் கயிற்றோடுதான் வருவான். இதில் ஏமாறுகிறவன் எங்கள் மலையில் இல்லை. ஒரே ஒருவர் ஏமாந்தார், அவர் சால்கினின் அப்பா ஓமுர்குல்.

அவர் மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர். அதிகம் பேசாத மனுஷர். கல்யாணத்தன்று மகளுக்கென்று ஒரு மஞ்சள் பெண்குதிரைக் குட்டியைக் கொண்டுவந்தார். அதன் தலையில் சிவப்பும் கறுப்புமாக அவரே முறுக்கிப் பின்னிய கம்பளிக் கயிறு. குட்டியை மாப்பிள்ளை வீட்டுக் கம்பத்தில் கட்டினார். கயிற்றைக் கழற்றுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் குட்டியின் நெற்றியைத் தடவினார்.

"கயித்தோடயே இருக்கட்டும். என் பொண்ணு எங்க இருக்காளோ அங்க எல்லாமே இருக்கட்டும்" என்றார். தன் குதிரையில் ஏறினார், போய்விட்டார்.

மாமியார் பாத்மகானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விருந்துக்கு வந்த பெண்களுக்குக் கறி வைத்துக்கொண்டே சொன்னாள்:

"சம்பந்தி கிறுக்கனா இருக்கானே! குதிரைய மட்டும் குடுக்காம குத்தையும் சேத்துக் கட்டிக் குடுத்துட்டுப் போறான்! இப்படி ஒரு ஆளு இருந்தா நமக்கென்ன கசக்குதா?"

அன்றைக்கே அந்தக் கயிற்றைக் கழற்றி, மெத்தைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு மேலே ஆணியில் மாட்டினாள். நான் தேநீர்க் கிண்ணங்களை வைத்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். அவள் சிரித்ததையும் பார்த்தேன், மாட்டியதையும் பார்த்தேன். அப்புறம் வருகிற போகிறவர்களிடமெல்லாம் அந்தக் கயிற்றைக் காட்டிக் கிறுக்குச் சம்பந்தியின் கதையைச் சொல்லிக் கொண்டிருந்தாள். ஊரில் அந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் பனி பாதி உருகி மறுபடியும் இறுகியது. புல்லுக்கு மேலே கண்ணாடி போட்டு மூடியது போல ஆகிவிட்டது. ஆடுகள் முகத்தால் கிளறிக் கிளறி மூக்கில் ரத்தம் வழியச் செத்தன. ஊர் முழுக்கச் செத்தன. என் வீட்டிலும் செத்தன. நாங்கள் எல்லோரும் வானத்தைத் திட்டினோம். பாத்மகான் மட்டும் மருமகளைத் திட்டினாள்.

"இவ வாசப்படி மிதிச்ச வருஷமே கெடை காலியாயிடுச்சு. குத் இல்லாதவளக் கூட்டிட்டு வந்துட்டான் என் புள்ள."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த மஞ்சள் குட்டி குளம்பால் பனியை உடைத்து மேய்ந்தது. அது உடைத்த இடத்தில், அதன் பின்னாலேயே மேய்ந்த ஆடுகள் மட்டும்தான் அந்த வீட்டில் பிழைத்தன. இதையும் ஊரே பார்த்தது. ஆனால் அதைச் சொல்ல ஒரு வாய்கூட இல்லை.

இரண்டாம் வருஷம் சால்கினுக்கு ஒரு ஆண்குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் முழுக்குக்கு முன்பே போய்விட்டது. அதன் பிறகு கேட்கவா வேண்டும்? வசந்தத்தில் முதல் பால் கறக்க அவள் வரக்கூடாது. குட்டிகளை முதன்முதலாகக் கயிற்றில் கட்டுகிற நாளில் அவள் அந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது. ஆடு ஈன்றால் அவள் நிழல் விழக்கூடாது. ஆனால் சாணி அள்ளலாம், தோல் பதப்படுத்தலாம், ஆற்றில் ஐஸை உடைத்துத் தண்ணீர் சுமக்கலாம். அதற்கெல்லாம் குத் தேவையில்லையாம்.

அவள் புருஷன் மெதெர் நல்லவன்தான். நல்லவன் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அம்மா பேசினால் எழுந்து வெளியே போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவான். அந்த வீட்டுக் குதிரைகளைப் போலத் தண்ணீர் குடித்த குதிரைகள் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

மஞ்சள் குட்டி வளர்ந்தது. வருஷம் தவறாமல் குட்டி போட்டது. அதன் குட்டிகளில் ஒன்று பந்தயத்தில் ஜெயித்தது. உடனே மெதெரின் அண்ணன் அசன்குல் மீசையைத் தடவிக்கொண்டு, "இது எங்க வீட்டு குத்" என்று சொல்ல ஆரம்பித்தான். பாத்மகானும் அதையே சொன்னாள். அந்தக் குதிரை யாருக்கென்று அந்த வாசலுக்குள் வந்தது என்பது மட்டும் அம்மாவுக்கும் மகனுக்கும் சௌகரியமாக மறந்துவிட்டது.

சில வருஷம் கழித்துப் பிழைப்புக்காக நாங்கள் மூன்று பேரும் ருஷ்யாவின் வடகிழக்கில் இருக்கிற யாகுட்ஸ்க் நகரத்துக்குப் போனோம். மெதெர் கட்டட வேலைக்கு. சால்கினும் நானும் சந்தையில் வெங்காயமும் ஆப்பிளும் விற்றோம். அங்கே மூச்சு விட்டால் மூச்சே உறைந்து கீழே விழும். எங்கள் பக்கத்துக் கடையில் வர்வாரா என்று, அந்த மண்ணின் பூர்வகுடியான சாகா இனத்துக்காரி ஒருத்தி, மீனை விறகு மாதிரி அடுக்கி வைத்து விற்பாள். பாதி ருஷ்ய மொழி, பாதி அவள் மொழி. அவள் மொழியில் எங்கள் வார்த்தைகள் முகம் மாறிப்போன சொந்தக்காரர்கள் மாதிரி அங்கங்கே தலைகாட்டும்.

ஒரு நாள் பாத்மகான் போனில் கத்தினாள். ஊரில் ஏதோ ஒரு மாட்டுக்குக் கால் உடைந்துவிட்டதாம். "குத் இல்லாதவ பேரச் சொன்னாலே இப்படித்தான்" என்று அவள் கத்தியது அந்தச் சந்தை முழுக்கக் கேட்டது. சால்கின் போனை வைத்துவிட்டு வெங்காயத்தை அடுக்கினாள். வர்வாரா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கிழவி உன்ன என்னன்னு சொன்னா?"

"குத் இல்லாதவன்னு. பழகிப்போச்சு."

"பழகிப்போச்சா! ஏண்டி, குத் இல்லாதவன்னா பொணம்! எங்க ஊர்ல குத்னா உசுரு. அம்மா குடுத்த உசுரு ஒண்ணு, மண்ணு குடுத்தது ஒண்ணு, காத்து குடுத்தது ஒண்ணு. மூணும் போனாத்தான் குழி தோண்டுவோம். நீ என்னடான்னா நின்னு வெங்காயம் விக்கற!"

"எங்க ஊர்ல அது ஆடு மாட்டோட சம்பந்தப்பட்டது, அக்கா" என்றாள் சால்கின்.

"அப்படியா? திடீர்னு பயந்தா நீங்க என்ன சொல்வீங்க?"

சால்கின் யோசித்தாள். என்னைப் பார்த்தாள். "குத் பறந்துடுச்சுன்னு சொல்வோம்" என்றாள் மெதுவாக.

"எங்கேருந்து பறந்துச்சு? மாமியா கொட்டாயிலேருந்தா?" வர்வாரா அவள் நெஞ்சில் விரலால் குத்தினாள். "இங்கேருந்துதானே!"

மறுநாளிலிருந்து சால்கின் போகிற வருகிறவர்களிடமெல்லாம், குத் என்றால் உங்கள் ஊரில் என்ன என்று கேட்க ஆரம்பித்தாள். மெதெரின் மேஸ்திரி ஒரு துருக்கிக்காரர். அவர் ஊரில் பண்டிகை நாளில் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் வாழ்த்துவார்களாம், அங்கே அது யார் வீட்டிலும் குடியிருப்பதும் இல்லை, யாரைவிட்டும் போவதும் இல்லை. துவா என்கிற பிரதேசத்திலிருந்து வந்து தரை துடைக்கிற பெண்மணிக்கும் அது உயிர்தான், நோயாளியைவிட்டு அலைந்து போனால் பூசாரி அழைத்துக்கொண்டு வருவாராம். இறைச்சி கொண்டுவரும் மங்கோலியன், தங்கள் பௌத்த குருமார்களான பெரிய லாமாக்களின் பட்டப்பெயரே அந்த வார்த்தையிலிருந்துதான் என்றான். எனக்கும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆயிரத்து இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால், மங்கோலியப் பக்கத்து ஆற்றங்கரையில், எங்கள் பாட்டன்மாரின் அரசர்கள் கல்லில் வெட்டி வைத்தார்களாம், வானம் குத் கொடுத்ததால்தான் அரியணை ஏறினோம் என்று.

"பாத்தியா சால்கின்," என்றேன். "ராஜாவுக்கு சிம்மாசனம், லாமாவுக்குப் பட்டம், வர்வாராவுக்கு உசுரு. உங்க மாமியாவுக்கு மட்டும் உன்ன அடிக்கற கட்டை."

அவள் சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "இத்தன நாடு சுத்தி வந்த வார்த்தை, அக்கா. ஒருத்தர்கூட இதை வெச்சு இன்னொருத்திய அடிக்கல" என்றாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் மெதெர் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். பெட்டியில் கொண்டுவந்தோம். வாசலில் அழுகை முடிவதற்குள் பாத்மகான் ஆரம்பித்துவிட்டாள்: "ஆட்ட முழுங்குனா, பேரன முழுங்குனா, இப்ப என் புள்ளையையும் முழுங்கிட்டா!" வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் அதுதான். கூடாரம் நிறையப் பெண்கள் இருந்தோம். என்னைத் தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன், அசன்குல் என்னை வெளியே போகச் சொன்னான்.

வருஷ நினைவுச் சாப்பாடு முடிந்த மறுநாள் அசன்குல் அவளுடைய துணிகளை இரண்டு பைகளில் கட்டி வாசலில் வைத்தான்.

"உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. இங்க உனக்கு என்ன இருக்கு?"

"எனக்குன்னு இருக்கறது மஞ்சக் குதிர ஒண்ணுதான் மாமா. அது போட்ட குட்டிங்கள்லாம் உங்களுக்கே இருக்கட்டும். அத மட்டும் குடுங்க."

"அதெப்படி? அது எங்க வீட்டு குத். அத அவுத்து விட்டுட்டு நாங்க என்ன பண்றது?"

அவள் அப்பா செத்து மூன்று வருஷமாகியிருந்தது. அண்ணன் வீட்டில் அண்ணி, எட்டுப் பிள்ளைகள். அந்தக் குதிரை இருந்தால் கணவாய் ரோட்டோரம் கூடாரம் போட்டுக் கிமிஸ் விற்றுப் பிழைப்பாள். குதிரைப் பாலைப் புளிக்க வைப்பதில் அவள் கை ராசியான கை, அதை மட்டும் பாத்மகானால்கூட மறுக்க முடியவில்லை. குதிரை இல்லாவிட்டால் அவள் இன்னொரு வீட்டில் சாணி அள்ளுவாள், சாகிறவரைக்கும். எல்லாம் அந்த ஒரு குதிரையில் இருந்தது. நான்தான் அவளைப் பெரியவர்கள் சபைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சபை எங்கள் ஊர்க் கிளப் கட்டடத்தில் கூடும். அப்திகெரிம் ஐயா தலைவர், காது கொஞ்சம் மந்தம், நியாயம் அவ்வளவு மந்தமில்லை. விஷயம் குதிரை என்றதும் ஊரே வந்துவிட்டது. பாத்மகான் மடியில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை. எல்லோரும் பார்க்கும்படி அவிழ்த்தாள். உள்ளே அந்தச் சிவப்பு கறுப்புத் தலைக்கயிறு. ஆணியிலிருந்து கழற்றித் தன் சாட்சியாகத் தானே கொண்டுவந்திருந்தாள்.

"பாருங்கய்யா! இவ அப்பன் கயித்தோட குடுத்துட்டுப் போனான். யாராவது அப்படிக் குடுப்பானா? குடுத்தான்னா என்ன அர்த்தம்? முழுசா, குத்தோட சேத்து எங்களுக்கே குடுத்துட்டான்னு அர்த்தம். இப்ப வந்து கேட்டா நியாயமா?"

கூட்டத்தில் தலைகள் ஆடின. ஆமாம், கயிற்றோடு கொடுத்தால் முழுசாகக் கொடுத்த மாதிரிதான். சால்கின் எழுந்தாள். அவள் அந்த ஊரில் நாலு பேர் முன்னால் பேசி நான் கேட்டதில்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு எங்கப்பா குத் இந்தக் கயித்தோட உங்க வீட்டுக்கு வந்துச்சா, வரலையா?"

"வந்துச்சுடி! அதத்தானே தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்!"

"எதோட வந்துச்சு?"

"குதிரையோட!"

"குதிர யாரோட வந்துச்சு?"

பாத்மகான் குனிந்து மடியில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான்தான்.

"வந்துச்சுன்னா, கொண்டுவந்தவ நான்," என்றாள் சால்கின். "குத் இல்லாதவன்னு என்னைச் சொன்ன ஒவ்வொரு வாயும் பொய் சொல்லியிருக்கு. இங்க உக்காந்திருக்கற வாயுங்களும்தான். வரலைன்னா, இது வெறும் கயிறு, அது வெறும் குதிர, குடுக்கறதுல உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு எதுவா இருந்தாலும் சரி."

வருஷக்கணக்காக அவளைப் பார்த்ததும் பால் வாளியைத் துணி போட்டு மூடிய பெண்கள் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அப்திகெரிம் ஐயா கையைக் காதில் குவித்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்பன் மகளுக்குன்னு குடுத்தது மகளோட போகும். குதிர அவளோடது." அசன்குல் எகிறினான். ஐயாவுக்கு அது காதில் விழவில்லை. "ஆனா வழக்கம் வழக்கம்தான். குதிர வீட்ட விட்டுப் போகுதுன்னா கயிறு அங்கயே நிக்கணும். அந்த வீட்டையும் வெறுமையாக்கக் கூடாது."

பாத்மகான் கயிற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது சால்கினின் அப்பா கையால் முறுக்கியது. அவர் நினைவாக அவளிடம் வேறு எதுவும் இல்லை.

"சரிங்கய்யா," என்றாள் சால்கின். "விட்டுட்டுப் போறேன். அத்தை ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். 'இந்த குத்தை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்தவ சால்கின்'னு, இத்தன பேர் முன்னாடி ஒரு தடவ. சொன்னா கயிறு அவங்க மடியிலயே இருக்கட்டும்."

ஐயா தலையாட்டினார். எல்லோரும் பாத்மகானைப் பார்த்தோம்.

"சொல்லித் தொலைம்மா," என்றான் அசன்குல் பல்லுக்கிடையில். "வார்த்தைதானே!"

"தொண்ட வறண்டு போச்சு" என்றாள் கிழவி.

ஒரு கிண்ணம் தேநீர் கொடுத்தார்கள். உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். வெறும் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஊரில் யாரோ வாங்கிய செருப்புக்கெல்லாம் அந்த வார்த்தையை வாரி இறைக்கிற நாக்கு, மருமகளுக்கென்று அதை ஒரு தடவை திருப்பிப் போட எழவில்லை. சால்கின் காத்திருந்தாள். நானாக இருந்தால் அவ்வளவு நேரம் காத்திருந்திருக்க மாட்டேன். பிறகு எழுந்து போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்தாள். கிழவி இறுக்கினாள். இவள் இழுத்தாள். கம்பளி நூல் இரண்டு அறுந்தது, கயிறு வந்துவிட்டது.

"பெரியவரே! கயித்த எடுத்துட்டுப் போறா!" என்று அசன்குல் கத்தினான்.

"வார்த்தைய சொன்னாத்தான் கயிறுன்னு பேச்சு. சொல்லலையே" என்றார் அப்திகெரிம் ஐயா. அது அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

நானும் கூடவே நடந்தேன். அவள் நேராகத் தொழுவத்துக்குப் போய் அந்தக் கயிற்றின் முடிச்சைத் தளர்த்தி மஞ்சள் குதிரையின் தலையில் மாட்டினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அது மறுபடியும் அதன் தலையில் ஏறியது. ஒரு துணிப் பையைக் குதிரையின் முதுகில் போட்டாள், இன்னொன்றை வாசலிலேயே விட்டுவிட்டாள். தெருவில் ஒருவராவது "குத் நிறையட்டும்" என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். கோழைகள். பாலம் வந்ததும் நானே சத்தமாகச் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

இப்போது கணவாய் ரோட்டில் அவள் கூடாரம் இருக்கிறது. லாரிக்காரர்கள் அவள் கிமிஸுக்காக வண்டியை நிறுத்துகிறார்கள். குதிரை இந்த வசந்தத்தில் ஒரு பெண்குட்டி போட்டது. முதல் பாலை அவளே கறந்தாள்.

பாத்மகான் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான், மறைப்பானேன். கொட்டாய் நிறைய ஆடு நிற்கிறது. குளிர்காலத்தில் ஓநாய் வந்து கிடையில் புகுந்தது, ஓநாய் எல்லார் கிடையிலும்தான் புகுந்தது. போன வாரம் கிழவி தேயிலை வாங்க வந்தாள். கடை நிறைய ஆட்கள். வழக்கம்போல ஆரம்பித்தாள்:

"ஓநாய் வந்ததெல்லாம் அந்தச் சிறுக்கி பண்ண வேல. எங்க வீட்டு குத்தை அவ கொண்டு போயிட்டா."

தேயிலைப் பொட்டலத்தை நான் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"என்ன சொன்னீங்க பெரியம்மா? இன்னொரு தடவ சொல்லுங்க."

"காது கேக்கலையா? சால்கின் குத்தை எடுத்துட்டுப் போயிட்டான்னேன்!"

"அப்ப அவகிட்ட இருந்துச்சு" என்றேன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அன்றைக்குக் கிளப்பில் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பெண்களும்தான், இந்தத் தடவை நேராகப் பார்த்தார்கள். ஒருத்தி, "அதத்தானே அன்னிக்குச் சொல்லச் சொன்னா" என்றாள். பாத்மகானின் முகம் வெளுத்தது. கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே போனாள். தேயிலையை எடுக்காமலே போய்விட்டாள். நான் பின்னால் ஓடிப்போய்க் கொடுக்கவில்லை.